நீரின் அளவே மந்தையின் அளவு

நுழையும்முன்

மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல, கோடை விடுமுறையில் தொடர்வண்டி ஏறி ஊருக்குச் செல்கின்றன. அந்தப் பயணத்தில் சன்னல் வழியே தெரியும் வறண்ட மேட்டுநிலங்கள் பலருக்கும் வெற்று நிலங்களாகவே தோன்றும். அவை வெற்று நிலங்கள் அல்ல. மழை குறைந்த அந்நிலங்களில் மக்கள் பல நூறு ஆண்டுகளாக ஆடும் மாடும் வளர்த்து வாழ்கின்றனர். சிறிதளவு நீரைக் கொண்டு பெரிய மந்தையை அவர்கள் எவ்வாறு காத்தனர் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

சன்னலோரக் காட்சி

சூன் மாதத்தில் தாராவியின் சந்துகளிலும் செம்பூரின் சாலைகளிலும் மழைநீர் முழங்கால் அளவு நிற்கும். மாதுங்காவில் தண்டவாளங்கள் நீரில் மூழ்கித் தொடர்வண்டிகள் நின்றுவிடும் நாள்களும் உண்டு. மும்பையில் வளரும் குழந்தைக்கு மழை என்றால் மிகுதி என்றே பொருள்.

அதே குழந்தை கர்ஜத் நிலையத்தைக் கடந்து தெற்கே பயணம் செய்யும்போது வேறொரு காட்சியைக் காண்கிறது. கர்ஜத்தில் தொடர்வண்டியின் பின்புறம் துணை எஞ்சின்களைப் பொருத்துகின்றனர். அவை தள்ள, வண்டி போர்க் கணவாயில் ஏறுகிறது. 1863-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இம்மலைப்பாதை கொங்கணச் சமவெளியையும் தக்காண மேட்டுநிலத்தையும் இணைக்கிறது. லோனாவாலா வரை அருவிகளும் அடர்ந்த பசுமையும் உடன்வரும். புனேயைத் தாண்டி தௌண்ட், சோலாப்பூர் நோக்கிச் செல்லச் செல்லப் பசுமை குறையும். முள்மரங்களும் கற்களும் உலர்ந்த ஓடைகளும் தென்படும். தோளில் கருங்கம்பளம் அணிந்த ஒருவர் நூற்றுக்கணக்கான ஆடுகளை ஓட்டிச் செல்லும் காட்சியும் அங்குக் காணக்கூடியதே.

சில மணி நேரப் பயணத்துக்குள் நிலம் இவ்வளவு மாறுவதற்குக் காரணம், இடையில் நிற்கும் மலை.

மலையின் இரு பக்கங்கள்

தென்மேற்குப் பருவக்காற்று சூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வருகிறது. மேற்குத்தொடர்ச்சி மலை அக்காற்றைத் தடுத்து மேலே எழச் செய்கிறது. மேலே எழும் காற்று குளிர்கிறது. அதிலுள்ள ஈரம் மழையாகப் பொழிகிறது. மலையைத் தாண்டிக் கீழிறங்கும் காற்றில் ஈரம் குறைந்துவிடுகிறது. இறங்கும்போது அது வெப்பமும் அடைகிறது. ஆகவே மலைக்குக் கிழக்கே உள்ள நிலம் மழையின்றி நிற்கிறது. இத்தகைய நிலத்தை மழை மறைவுப் பகுதி என்பர்.

இதற்குச் சாத்தாரா மாவட்டம் சிறந்த சான்றாகும். அம்மாவட்டத்தின் மேற்கு எல்லையில் உள்ள மகாபலேசுவரத்தில் ஆண்டுக்கு 5000 மி.மீ.க்கும் மேல் மழை பெய்கிறது. அங்கிருந்து கிழக்கே ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில், அதே மாவட்டத்தில் உள்ள மாண் தாலுகாவில் 500 மி.மீ. அளவே மழை பெய்கிறது. ஒரே மாவட்டத்துக்குள் பத்து மடங்கு வேறுபாடு!

பெய்யும் சிறிதளவு மழையையும் நிலம் எளிதில் சேர்த்து வைப்பதில்லை. தக்காணத்தின் இப்பகுதி, ஏறத்தாழ ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி இறுகியதால் உருவானது. அந்தக் கரும்பாறையில் நீர் தங்குவதற்கு விரிசல்களும் மேற்பரப்பின் சிதைந்த அடுக்குமே இடம் தருகின்றன. மழைக்காலத்தில் நிரம்பும் கிணறு, பங்குனியில் அடி தெரியும் அளவுக்கு வற்றிவிடும்.

இங்குப் பயிரை மட்டும் நம்பி வாழ இயலாது. எனினும் சிறு மழைக்கும் புல் முளைக்கும். மனிதர் உண்ண இயலாத அப்புல்லைப் பாலாகவும் கம்பளியாகவும் எருவாகவும் மாற்றித் தருபவை கால்நடைகள். வறண்ட மேட்டுநில மக்கள் ஆடுமாடுகளை நம்பி வாழ்ந்ததன் காரணம் இதுவே.

எனினும் புல் இருந்தால் மட்டும் போதாது. கோடையில் ஒரு மாடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 லிட்டர் நீர் அருந்தும். ஓர் ஆட்டுக்கு ஏறத்தாழ 5 லிட்டர் தேவைப்படும். மந்தை நடந்து சென்று திரும்பக்கூடிய தொலைவுக்குள் நீர் இல்லையெனில், அங்கு எவ்வளவு புல் இருந்தாலும் பயனில்லை. மந்தை எவ்வளவு பெரியதாக இருக்கலாம் என்பதை முடிவு செய்வது புல் அன்று, நீரே. இவ்வுண்மைக்கு மக்கள் இரண்டு வழிகளில் விடை கண்டனர். நீர் உள்ள இடத்துக்கு மந்தையைக் கொண்டு செல்வது ஒரு வழி. இருக்கும் நீருக்கு ஏற்ற அளவில் மந்தையை வேலிக்குள் வளர்ப்பது மற்றொரு வழி.

நீரைத் தேடி நடப்போர்

முதல் வழியைக் கண்டவர்கள் மகாராட்டிரத்தின் தன்கர் இனத்தார். இவர்கள் ஆடு மேய்ப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள். இவர்களுள் ஒரு பிரிவினரின் ஆண்டு, பருவக்காற்றை ஒட்டியே நகர்கிறது.

சூன் முதல் செப்டம்பர் வரை இவர்கள் மேட்டுநிலத்தில் உள்ள தம் ஊர்களில் தங்குவர். அப்போது பெய்யும் சிறு மழையில் புல் துளிர்க்கும். ஓடைகளில் நீர் ஓடும். தீபாவளியை ஒட்டி அந்நீர் குறையத் தொடங்கும். உடனே குடும்பத்தோடும் மந்தையோடும் புறப்படுவர். பாத்திரங்களையும் இளங்குட்டிகளையும் குதிரைகள் சுமக்கும். மலைக் கணவாய்களைக் கால்நடையாகக் கடந்து கொங்கணத்தில் இறங்குவர். அங்கே நெல் அறுவடை முடிந்திருக்கும். உழவர்கள் தம் வயலில் இரவில் ஆடுகளை அடைக்குமாறு வேண்டுவர். ஆட்டுப் புழுக்கையும் சிறுநீரும் வயலுக்கு எருவாகும். அதற்கு ஈடாகத் தானியமோ பணமோ கிடைக்கும். தமிழகத்தில் இம்முறையைக் கிடை போடுதல் என்பர். திருநெல்வேலி, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து வந்த பெரியோர் இச்சொல்லை நன்கு அறிவர்.

நீரும் புல்லும் மிகுந்த கொங்கணத்திலேயே இவர்கள் ஏன் தங்கிவிடுவதில்லை? காரணம் ஆடுகளின் குளம்பு. தக்காணத்து ஆடு வறண்ட நிலத்துக்கு ஏற்றது. கொங்கணத்தின் இடைவிடாத மழையில் சேற்றிலேயே நின்றால் அதன் குளம்பு அழுகும், நோய் பரவும். எனவே பருவமழைக்கு முன்னரே மந்தை மீண்டும் மலையேறிவிட வேண்டும். நீர் குறைந்தாலும் மந்தை அழியும்; நீர் மிகுந்தாலும் அழியும். இரண்டுக்கும் இடையே வழி கண்டு நடப்பதே இவர்தம் அறிவு.

இவ்வாட்டின் கம்பளியால் நெய்யப்படும் கருங்கம்பளத்துக்குக் கோங்கடி என்று பெயர். மழைக்குக் குடையாகவும் குளிருக்குப் போர்வையாகவும் இரவில் பாயாகவும் அஃது உதவுகிறது.

தெரிந்து தெளிவோம்

இந்தூர் அரசை ஆண்ட அகில்யாபாய் ஓல்கர் (1725–1795) தன்கர் இனத்தில் தோன்றியவர். மகாராட்டிரத்தின் வறண்ட மேட்டுநிலத்தில் உள்ள சோண்டி என்னும் சிற்றூரில் பிறந்தார். நாட்டின் பல பகுதிகளில் கிணறுகளையும் படித்துறைகளையும் அமைத்தவராக இன்றும் போற்றப்படுகிறார்.

வேலிக்குள் ஒரு மேய்ச்சல் நிலம்

இரண்டாம் வழியைத் தமிழகத்தின் கொங்கு நாட்டில் காணலாம். மும்பையிலிருந்து தெற்கே செல்லும் வண்டிகளுள் சில கரூர் வழியாகச் செல்கின்றன. கரூருக்கு மேற்கே வெள்ளகோவில், காங்கேயம், மூலனூர், தாராபுரம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்து ஒரு மேட்டுநிலம் பரந்துள்ளது. மாண் தாலுகாவை மறைக்கும் அதே மேற்குத்தொடர்ச்சி மலையே இந்நிலத்தையும் தென்மேற்கு மழையிலிருந்து மறைக்கிறது. ஆண்டு மழை ஏறத்தாழ 600 மி.மீ.; அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றால் பெய்வது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று, மண்ணின் ஈரத்தை மேலும் உலர்த்துகிறது.

இந்நிலத்தின் உழவர்கள் மந்தையோடு இடம்பெயரவில்லை. தம் நிலத்தின் ஒரு பகுதியை மேய்ச்சலுக்கென்றே ஒதுக்கினர். அதற்குக் கொறங்காடு என்று பெயர்.

கொறங்காட்டில் மூன்று அடுக்குகள் உண்டு. முதலாவது, சுற்றிலும் உள்ள கிளுவை உயிர்வேலி. கிளுவைக் குச்சியை நட்டால் அது வேர்விட்டுத் தழைக்கும்; வறட்சியைத் தாங்கும்; முள்ளால் காவல் காக்கும். இரண்டாவது, தரையில் உள்ள கொழுக்கட்டைப் புல். கோடையில் காய்ந்து போனாலும் இதன் வேர் உயிரோடு இருக்கும். ஒரு மழை பெய்தால் மீண்டும் துளிர்க்கும். மூன்றாவது, இடையிடையே நிற்கும் வெள்வேல மரம். புல் முற்றிலும் காய்ந்துவிடும் காலத்தில் இதன் காய்கள் உதிர்ந்து ஆடுமாடுகளுக்கு உணவாகும். இதன் நிழல் வெயிலைத் தணிக்கும்.

உழவர் தம் கொறங்காட்டைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒன்றில் மேய்த்து மற்றொன்றை ஓய்வில் விடுவர். ஓய்வில் உள்ள பகுதியின் படலைத் திறக்கமாட்டார்கள். ஒரு குடும்பத்தின் காடு எத்தனை உயிர்களைத் தாங்குமோ அத்தனையை மட்டுமே வளர்ப்பது வழக்கம். வேலி மாட்டை மட்டும் கட்டுப்படுத்தவில்லை. மனிதரின் பேராசையையும் கட்டுப்படுத்தியது.

இம்மேய்ச்சலில் வளர்ந்ததே காங்கேயம் மாடு. இதன் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும். ஏறத்தாழ ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும். காளையின் திமிலும் முன்பின் பகுதிகளும் கருமை படர்ந்திருக்கும். இம்மாடு குறைந்த தீவனத்தில் வாழும், வெயிலைத் தாங்கும், வண்டியும் ஏரும் இழுக்கும். பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் இவ்வினத்தைத் தேர்ந்து வளர்த்து மேம்படுத்தியவர்களுள் முதன்மையானவர். காங்கேயத்தை அடுத்த கண்ணபுரத்தில் ஆண்டுதோறும் கூடும் மாட்டுச் சந்தை இன்றும் புகழ்பெற்றது.

மாடு இழுத்த நீர்

கொங்கு நாட்டுக் கிணறுகளிலிருந்து நீர் இறைக்கப் பயன்பட்ட கருவி கவலை. பெரிய சாலை வடத்தில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்குவர். கிணற்றை ஒட்டிய சரிவில் இரண்டு எருதுகள் கீழ்நோக்கி நடந்து வடத்தை இழுக்கும். சால் மேலே வந்ததும், அதன் அடியில் உள்ள தும்பி என்னும் தோல்குழாய் வழியே நீர் வாய்க்காலில் கொட்டும். எருதுகள் பின்னோக்கி நடந்து மீண்டும் சாலை இறக்கும். மகாராட்டிரத்திலும் இதே முறை இருந்தது. மராத்தியர் இதனை மோட் என்று அழைத்தனர். மொழி வேறு, பாறையும் வறட்சியும் கருவியும் ஒன்றே.

கவலையால் ஒரு நாளில் இறைக்கக்கூடிய நீர், எருதின் வலிமைக்கு உட்பட்டது. மாலையில் எருதுகள் களைத்து நிற்கும். இரவில் கிணறு ஊறும். எடுக்கும் வேகமும் ஊறும் வேகமும் ஏறத்தாழ இணைந்து சென்றன.

தும்பிக்கும் வடக்கயிற்றுக்கும் வேண்டிய தோலைத் தந்ததும் இம்மந்தைகளே. தோல் தொழில் மும்பைத் தமிழர் வரலாற்றிலும் இடம்பெறுவது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தாராவியில் தோல் பதனிடும் தொழிலை வளர்த்தவர்களுள் தமிழகத்திலிருந்து வந்தோர் முன்னோடிகளாக விளங்கினர்.

நிலை மாறிய காலம்

மின்மோட்டார் வந்தபின் நிலைமை மாறியது. மோட்டாருக்குக் களைப்பு இல்லை. கிணறு வற்றியதும் அதற்குள் ஆழ்துளை இட்டனர். அதுவும் வற்றியதும் மேலும் ஆழமாக இட்டனர். இன்று கொங்குப் பகுதியில் ஆயிரம் அடிக்கும் கீழே நீர் தேடும் ஆழ்துளைக் கிணறுகள் உள்ளன. கவலை நின்றதும் எருதுக்கு வேலை குறைந்தது. டிராக்டர் வந்ததும் மேலும் குறைந்தது. கொறங்காடுகள் பல வீட்டுமனைகளாகவும் ஆலைகளாகவும் மாறின. காங்கேயம் மாடுகளின் எண்ணிக்கை பெரிதும் சரிந்தது. 2017-ஆம் ஆண்டு சல்லிக்கட்டுப் போராட்டத்தின்போதுதான் நாட்டு மாடுகளைப் பற்றிய கவலை நகரத்து இளைஞரையும் எட்டியது.

நீரின் தூய்மையும் கெட்டது. திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யல் ஆற்றில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்துக்கெனக் கட்டப்பட்ட அணையின் நீர் பயிருக்கும் கால்நடைக்கும் ஆகாததாயிற்று. 2011-ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிடும் அளவுக்குச் சிக்கல் முற்றியது. எனினும் பல்லாயிரம் தொழிலாளர் குடும்பங்களுக்குச் சோறிட்டதும் அத்தொழிலே. ஆகவே நீரையும் வேலையையும் ஒருங்கே காப்பது எவ்வாறு என்பதே அங்கு எழுந்த கேள்வி.

மகாராட்டிரத்தின் மேய்ப்பரும் இன்னலுக்கு உள்ளாயினர். அவர்கள் நடந்த பழைய பாதைகளில் விரைவுச்சாலைகளும் வேலிகளும் குறுக்கிட்டன. 1972-ஆம் ஆண்டின் கடும் வறட்சியில் உள்மாவட்ட மக்கள் பலர் வேலை தேடி மும்பைக்கு வந்தனர். வறட்சி மிகும் ஆண்டுகளில் இன்றும் கால்நடைகளுக்கெனத் தீவன முகாம்கள் அமைக்கப்படுகின்றன. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் மாண் தாலுகாவின் மஸ்வட் பகுதியில் மாடுகளோடு மக்களும் முகாமிலேயே வாழ்ந்தனர்.

உலகின் பிற வறண்ட மேய்ச்சல் நிலங்களும் இதே பாடத்தைக் கற்றுள்ளன. ஆசுதிரேலியாவில் 1878-ஆம் ஆண்டு முதல் நிலத்தடி நீரை ஆழ்துளைகள் வழியே எடுத்து, ஆடுமாடுகளைப் பெருக்கினர். துளைகள் பல மூடியின்றி இரவும் பகலும் பாய்ந்தன. நிலத்தடி அழுத்தம் குறைந்து ஊற்றுகள் சில நின்றுபோயின. பின்னர்த் துளைகளுக்கு மூடியிட்டு, திறந்த வாய்க்கால்களுக்கு மாற்றாகக் குழாய்கள் அமைக்க வேண்டியதாயிற்று.

குழாயின் மறுமுனை

மும்பை மாநகரும் மழை பெய்யும் நான்கு மாதங்களில் சேர்த்த நீரைக் கொண்டே ஆண்டு முழுவதும் வாழ்கிறது. விகார், துளசி, தான்சா, மோதக் சாகர், மேல் வைதர்ணா, நடு வைதர்ணா, பாத்சா ஆகிய ஏழு ஏரிகள் நகருக்கு நீர் தருகின்றன. இவற்றுள் தான்சாவும் பாத்சாவும் தாணே மாவட்டத்தின் சாகாப்பூர் தாலுகாவில் உள்ளன. அத்தாலுகாவின் மலையோரச் சிற்றூர்கள் சிலவற்றில், கோடையில் பெண்கள் குடத்துடன் நெடுந்தொலைவு நடக்கின்றனர். அரசு தண்ணீர் வண்டிகளை அனுப்புகிறது. மாநகருக்கு நீர் செல்லும் ஊரே தாகத்தில் நிற்கிறது.

தன்கர் மேய்ப்பர், நீர் குறைந்ததும் மந்தையை நகர்த்தினர். கொங்கு உழவர், நீருக்கு ஏற்ப மந்தையை அளந்தனர். இரு சாராரும் தமக்கு வேண்டிய நீர் எங்கிருந்து வருகிறது, எப்போது தீரும் என்பதை அறிந்திருந்தனர். தாராவியிலோ செம்பூரிலோ குழாயின் முன் குடத்தை வைக்கும் ஒருவருக்கும் அவ்வறிவு வேண்டும். குழாயின் மறுமுனையில் ஓர் ஏரியும் ஓர் ஊரும் இருக்கின்றன.

சொல்லும் பொருளும்

ஆநிரை – பசுக்கூட்டம்
மழை மறைவுப் பகுதி – மலை தடுப்பதால் மழை குறைந்த நிலம்
கிடை – வயலில் எருவுக்காக ஆடுமாடுகளை இரவில் தங்கவைத்தல்
படல் – முள்ளாலோ ஓலையாலோ செய்த தடுப்புக் கதவு
சால் – கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் பெரிய கலன்
வடம் – தடித்த கயிறு
தும்பி – சாலின் அடியில் இணைத்த தோல்குழாய்
திமில் – மாட்டின் முதுகில் உயர்ந்துள்ள தசைப்பகுதி

மொழியோடு விளையாடு

‘மாடு’ என்னும் சொல்லுக்குச் செல்வம் என்னும் பொருளும் உண்டு. திருக்குறளின் ‘கல்வி’ அதிகாரத்தில் இச்சொல் அப்பொருளில் வந்துள்ளது. அமராவதி ஆற்றின் பழம்பெயர் ஆன்பொருநை. கரூர்க் கோயிலின் பழம்பெயர் ஆனிலை. ‘ஆ’, ‘ஆன்’ என்பன பசுவைக் குறிக்கும். பசு, ஆடு ஆகியவற்றோடு தொடர்புடைய பிற ஊர்ப்பெயர்களைத் தொகுக்க.

மரபுச்சொற்களை அறிக:
இளமைப்பெயர் – பசுக்கன்று, ஆட்டுக்குட்டி
இருப்பிடப்பெயர் – மாட்டுத்தொழுவம், ஆட்டுப்பட்டி, குதிரைக்கொட்டில்
ஒலிமரபு – பசு கதறும், ஆடு கத்தும்

மதிப்பீடு

அ) கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. மலை தடுப்பதால் மழை குறையும் நிலம் ________ எனப்படும்.
2. கொறங்காட்டின் உயிர்வேலியாக வளர்க்கப்படுவது ________.
3. கவலையை மராத்தியர் ________ என்று அழைத்தனர்.

ஆ) குறுவினா
1. தன்கர் மேய்ப்பர் பருவமழைக்கு முன் கொங்கணத்தை விட்டுப் புறப்படுவது ஏன்?
2. கொறங்காட்டின் மூன்று அடுக்குகள் யாவை?
3. காங்கேயம் கன்றின் நிறம் எவ்வாறு மாறுகிறது?

இ) நெடுவினா
1. ‘எடுக்கும் வேகமும் ஊறும் வேகமும் ஏறத்தாழ இணைந்து சென்றன.’ – கவலையையும் ஆழ்துளைக் கிணற்றையும் ஒப்பிட்டு விளக்குக.
2. நொய்யல் ஆற்றின் நிலையைக் கொண்டு, தொழிலும் நீரும் ஒருங்கே காக்கப்பட வேண்டியதன் தேவையை எழுதுக.

ஈ) கணக்கிட்டு அறிக
ஓர் உழவரிடம் 6 மாடுகளும் 40 ஆடுகளும் உள்ளன. கோடையில் அவற்றுக்கு நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் நீர் தேவை? அவருடைய கிணறு நாளொன்றுக்கு 400 லிட்டர் மட்டுமே ஊறினால், அவர் என்ன செய்யக்கூடும்? இரண்டு வழிகளை எழுதுக.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டுப் பெரியோரிடம், அவர்தம் சொந்த ஊரில் குடிநீரும் கால்நடைக்குரிய நீரும் எங்கிருந்து கிடைத்தன என்று கேட்டு, பத்து வரிகளில் எழுதுக. அவர்கள் பயன்படுத்திய ஊர்ச்சொற்களை அப்படியே குறித்துக்கொள்க.
2. உங்கள் வீட்டில் ஒரு நாளில் எத்தனை குடம் நீர் செலவாகிறது என்பதைக் கணக்கிட்டு வகுப்பில் ஒப்பிடுக.
3. அடுத்த முறை தொடர்வண்டியில் ஊருக்குச் செல்லும்போது, எந்த நிலையத்துக்குப் பின் பசுமை குறைகிறது, எந்த இடத்தில் மந்தைகள் தென்படுகின்றன என்பதைக் குறித்து ஒரு வழிப்படம் வரைக.